நாண் மாற்றும் நேரம்: குறுக்குவில் வாங்கிய தம்பிக்கு அக்கா டிப்ஸ்

யாரோ பயன்படுத்திய குறுக்குவில்லை வாங்கிவிட்டு, "அக்கா, இந்த நாண் இன்னும் ஒரு சீசன் தாங்குமா?" என்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய். படத்தில் நாண் பஞ்சு பஞ்சாகச் சிலும்பியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறாய் என்று தெரிகிறது. ஆனால் நான் கவலைப்படும் இடங்கள் வேறு. அவற்றில் ஒன்றுகூட உன் படத்தில் இல்லை.

இங்கே ஒன்டாரியோவில் பல பகுதிகளில் அக்டோபர் பிறந்ததும் மான் வில்வேட்டை தொடங்கிவிடும். செப்டம்பர் கடைசியில் வில் கடைகளுக்குப் போனால் நிற்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். நாண் லேசாகச் சிலும்பியதுமே பதறிப்போய்ப் புதுசு வாங்க வந்தவர் ஒருவர். "வருஷக்கணக்கா இதே நாண்தான், ஒண்ணும் ஆகலை" என்று பெருமையடிப்பவர் இன்னொருவர். முதல் ஆளுக்குக் காசுதான் போகும். இரண்டாவது ஆள் பக்கத்து மேடையில் நின்று எய்தால் நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொள்வேன்.

காய்ந்த நாண் வேறு, தேய்ந்த நாண் வேறு. காய்ந்ததற்கு மெழுகு போதும். தேய்ந்த நாணுக்கு மெழுகு பூசினால் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாமல் மறையும், அவ்வளவுதான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அதைத்தான் சொல்லித்தரப் போகிறேன்.

தொடுவதற்கு முன்

உனக்குச் சலிப்பாக இருந்தாலும் இதைத் தாண்டிப் போகாதே. நாண் பின்னால் இழுத்து மாட்டிய நிலையில் இருக்கும்போது எந்தச் சோதனையும் கிடையாது. விரலால் தடவாதே, மெழுகு பூசாதே, டார்ச் அடித்து முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதே. 150 பவுண்டு, 200 பவுண்டு இழுவிசை உள்ள வில்கள் இவை. சேஃப்டி போட்டிருப்பதால் தைரியம் வந்துவிடக் கூடாது. உள்ளே அந்த விசையைத் தடுத்து நிற்பது சின்ன உலோகக் கொக்கிதான்.

எய்யும்போதும் முன்கையின் கட்டைவிரல், அம்பு ஓடும் தடமான ரெயிலுக்கு மேலே எட்டிப் பார்க்கக் கூடாது. நாண் பாயும் பாதையில் விரல் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் படங்களாகப் பார்த்திருக்கிறேன். உனக்கு அனுப்ப மாட்டேன். சாப்பாடு இறங்காது.

நாணை இறக்குவது எப்படி என்று வில்லோடு வந்த கையேட்டில் இருக்கும். பழைய வில் என்பதால் கையேடு வந்திருக்காது. நிறுவனத்தின் இணையதளத்தில் மாடல் பெயரைப் போட்டுத் தேடி எடு. சில புது மாடல்களில் இழுக்கப் பயன்படுத்தும் கிராங்க்கைக் கொண்டே மெதுவாக இறக்கலாம். மற்றவற்றில், இறக்குவதற்கென்றே விற்கிற மொட்டை போல்ட்டை (குறுக்குவில் அம்புக்குப் பெயர் போல்ட்) வைத்து இலக்குப் பையிலோ, கல்லில்லாத மண்ணிலோ எய்துதான் இறக்க வேண்டும். போல்ட் வைக்காமல் டிரிக்கரை அழுத்தி இறக்கும் வேலையே வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நாண் எங்கே அடிவாங்குகிறது

சாதாரண வில்லின் நாண் காற்றில் பாய்கிறது. குறுக்குவில் நாணோ பெரும்பாலான மாடல்களில் ரெயிலை அழுத்தி உரசிக்கொண்டேதான் பின்னால் போகிறது, உரசிக்கொண்டேதான் முன்னால் வருகிறது. கிணற்றுக் கயிறு எப்போதும் சுவர் விளிம்பில் உரசும் இடத்தில்தானே முதலில் நைந்துபோகும்? அதே கதைதான். போதாததற்கு நாண் ஓடும் தூரமும் குறைவு, ஒன்றரை அடிக்குள்தான். அந்தச் சின்ன தூரத்துக்குள் போல்ட்டை நொடிக்கு 300 அடிக்கு மேலான வேகத்துக்குத் தள்ளிவிட்டு, மறு நொடியே சடாரென்று நின்றாக வேண்டும். ஒவ்வொரு எய்தலுக்கும் இந்த அடி விழுகிறது.

நாண் ஒற்றைக் கயிறு இல்லை. மெல்லிய இழைகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கிய கட்டு. இழைகள் இப்போதெல்லாம் பெரும்பாலும் டைனீமா போன்ற பாலிஎத்திலீன் வகை. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பல மடங்கு வலு. ஆனால் தொடர்ந்து இழுவையில் இருந்தால், அதுவும் சூட்டில், கொஞ்சம் கொஞ்சமாக நீளும் குணம் அதற்கு உண்டு. அதைக் கட்டுப்படுத்தத்தான் சில இழைகளில் வெக்ட்ரான் கலக்கிறார்கள். கடைகளில் 452எக்ஸ் என்று காதில் விழும் இழை அப்படிக் கலந்ததுதான். விசை குறைந்த பழைய வில்களில் டாக்ரான் இருக்கும். அது பாலியஸ்டர், இன்னும் நன்றாகவே நீளும்.

உரசல் படும் இடங்களில் இழைக்கட்டின் மேல் வேறொரு நூலை நெருக்கி நெருக்கிச் சுற்றியிருப்பார்கள். அதற்குப் பெயர் சர்விங். நடுவில் ஒன்று, இரண்டு நுனிகளிலும் ஒவ்வொன்று. வளையும் கைகளான லிம்ப்களின் நுனியில் கேம் என்ற சக்கரங்கள் வைத்த காம்பவுண்டு வகை வில்லில் நாணைத் தவிர பெரும்பாலும் இரண்டு கேபிள்களும் உண்டு. நாணைப் பார்த்துப் பார்த்துத் தடவிக்கொடுப்பவர்கள்கூட கேபிள்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நீ அனுப்பிய படமும் அப்படித்தான்.

அந்தச் சிலும்பல்

முதலில் உன் பயத்தைத் தீர்த்துவிடுவோம். சர்விங் இல்லாத வெறும் பகுதியில் மயிர் மயிராக எழும்பினால், அநேகமாக மெழுகு வற்றிவிட்டது என்றுதான் அர்த்தம். மெழுகு இல்லாவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று உரசும், தூசியும் உள்ளே போய் உட்காரும். கடையில் நாண் மெழுகு என்றே கேட்டு வாங்கு. வீட்டில் இருக்கும் மெழுகுவத்தியைத் தேய்க்காதே, அது பொருக்குப் பொருக்காக உதிரும்.

பழைய மெழுகு கறுத்து, மண்ணோடு சேர்ந்து பிசுக்காக இருந்தால் முதலில் அதை எடு. பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூல் ஒரு துண்டை நாணின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனைகளையும் பிடித்து மெதுவாக நீளவாக்கில் இழுத்தால் அழுக்கு திரண்டு வந்துவிடும். பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம். பிறகு புது மெழுகைத் தேய்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, விரல் சூடு ஏறும்வரை மேலும் கீழும் உருவு. அந்தச் சூட்டில்தான் மெழுகு இழைகளுக்குள் இறங்கும். மேலே வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நின்றால் அது பூசியதாகக் கணக்கில்லை. நடு சர்விங்கின் மேல் நாண் மெழுகைப் பூசாதே. அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து, டிரிக்கர் பெட்டிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். ரெயிலுக்கும் நடு சர்விங்குக்கும் ரெயில் லூப் என்று தனி எண்ணெய் இருக்கிறது. அதுவும் எல்லா மாடலுக்கும் பொருந்தாது. போல்ட் உருளைகளின் மேல் ஓடும் வகை வில்களுக்கு அது வேண்டவே வேண்டாம். இதிலும் கையேடு சொல்வதே இறுதி.

மெழுகு பூசிய பின் சிலும்பல் படிந்து, நாண் வழுவழுப்பாகிவிட்டால் உனக்குக் கிடைத்தது காய்ந்த நாண். நிம்மதியாக இரு. பூசியும் படியவில்லை, அல்லது கொஞ்சம் எய்ததுமே அதே இடத்தில் மறுபடி எழும்புகிறது என்றால் அந்த இடத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார். மயிர்போல நிற்பது இழையின் மேல்நார்தானா, இல்லை ஒரு முழு இழையே அறுந்து சுருண்டிருக்கிறதா? நார் எழும்பினால் சமாளிக்கலாம். ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்த நாணில் இன்னொரு போல்ட் வைக்காதே. மிச்சமிருக்கும் இழைகள் தாங்காதா என்று கேட்பாய். தாங்கலாம். ஆனால் அந்த இழையை எது அறுத்ததோ அது பக்கத்து இழைகளையும் தொட்டிருக்கும். அறுந்த இழையின் பங்குச் சுமையும் இப்போது அவற்றின் தலையில்.

முடிச்சுப் போடுவது, பசை தடவுவது, மேலே இன்னொரு நூலைச் சுற்றி மறைப்பது எல்லாம் வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் நைலான் கயிற்றின் நுனியைத் தீக்குச்சியால் பொசுக்கிப் பழக்கம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதே. டைனீமா 150 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே உருகிவிடும். சிலும்பலை லைட்டரால் பொசுக்கினால் வெளியே தெரிந்த நாரோடு சேர்ந்து உள்ளே இருந்த நல்ல இழையும் கருகும். பார்க்க நாண் அழகாகிவிடும். வலு போய்விடும்.

சர்விங்கைப் பார்க்கும் விதம்

நடு சர்விங்தான் டிரிக்கர் கொக்கி கவ்வும் இடம், போல்ட்டின் வால் உட்காரும் இடம், ரெயிலில் உரசும் இடம். எல்லா உதையும் இதற்குத்தான். அடிப்பக்கம் கொஞ்சம் பளபளப்பாகத் தட்டையாகியிருந்தால் அது சாதாரணம். நகத்தால் நாணின் நீளவாக்கில் மெதுவாகத் தள்ளிப் பார். சுற்றுகள் நகர்கின்றனவா? இரண்டு சுற்றுகளுக்கு நடுவில் இடைவெளி விழுந்து உள்ளே இழையின் நிறம் தெரிகிறதா? நிறம் தெரிந்தால் இனி ஒவ்வொரு எய்தலிலும் ரெயில் நேரடியாக இழையைத் தேய்க்கும்.

இதில் உடனே முழு நாணையும் மாற்றச் சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. நாண் சமீபத்தில் போட்டது, உள்ளே இழைகள் ஒன்றும் கெடவில்லை, நடு சர்விங் மட்டும் பிரிந்திருக்கிறது என்றால் சர்விங்கை மட்டும் புதிதாகச் சுற்றித் தரச் சொல்லலாம். செலவு குறைவு. ஆனால் அதைத் தெரிந்தவர் செய்ய வேண்டும். சுற்று தளர்ந்தாலும் பிரச்சினை. நூல் ஒரு மாற்றுத் தடிமனாக இருந்தாலும் பிரச்சினை, போல்ட்டின் வால் நாணில் சரியாக உட்காராது. அதுவே நுனி சர்விங் பிரிந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், நாணை மாற்று. கேமின் பள்ளத்தில் வளைந்து வளைந்து நிமிரும் இடம் அது. அங்கே பிரிந்ததைக் கட்டிச் சரிசெய்த நாணை நான் நம்பமாட்டேன்.

சர்விங் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால் நாணைத் திட்டாதே. ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து ரெயிலின் மேல் முழு நீளத்துக்கும் இழு. எங்காவது பஞ்சு மாட்டினால் அங்கே சின்னப் பிசிறு இருக்கிறது. டிரிக்கர் கொக்கியின் ஓரத்திலும் கேமின் பள்ளத்திலும் இதே மாதிரி பிசிறு இருக்கலாம். கொக்கியை நீயாக அரம் போட்டுத் தேய்க்காதே, கடையில் காட்டு. பிசிறை விட்டுவிட்டுப் புது நாணைப் போட்டால் அதையும் அது அறுக்கும்.

ஒளிந்திருக்கும் இடங்கள்

இப்போது நான் கேட்கும் படங்களைச் சொல்கிறேன். ஒன்று, இரண்டு கேம்களிலும் நாண் வளைந்து உள்ளே போகும் இடம். இரண்டு, நுனிக் கண்ணி ஆணியில் மாட்டியிருக்கும் இடம். மூன்று, கேபிள்கள் ரெயிலுக்கு அடியில் புகுந்து ஒன்றையொன்று தாண்டும் இடம், அங்கே பிளாஸ்டிக் சறுக்கி இருந்தால் அதுவும். உன்னுடையது கேம் இல்லாத ரீகர்வ் வகையாக இருந்தால் கேபிள் தொல்லை இல்லை. லிம்ப் நுனியில் இருக்கும் வெட்டில் நாணின் கண்ணி உட்காரும் வளைவை மட்டும் இரண்டு பக்கமும் எடுத்து அனுப்பு. டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடித்து எடு. நேராக அடித்தால் எல்லாமே நன்றாக இருப்பது போலத்தான் தெரியும்.

கண்ணியில் சர்விங் கிழிந்து இழை வெளியே தெரிந்தால் அது நடுப்பகுதிச் சிலும்பலைவிடப் பல மடங்கு மோசம். நாண் அறுந்துபோகும் என்பதைவிட, அறுந்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குக் கவலை. முழு இழுவையில் இருக்கும்போது நாண் அறுந்தால், அத்தனை விசையும் போல்ட்டுக்குப் போகாமல் லிம்ப்களுக்கும் கேம்களுக்கும் திரும்பிப் போகும். லிம்ப் பிளக்கலாம், துண்டு தெறிக்கலாம். வில்லின் விலையோடு ஒப்பிட்டால் நாணின் விலை சின்னத் தொகை. உன் கண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத தேய்மானம்

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணால் பார்க்கலாம். நாண் நீண்டுபோவதைக் கண்ணால் பார்க்க முடியாது. சர்விங் நன்றாக இருக்கும், சிலும்பல் இருக்காது, மெழுகு பளபளக்கும். ஆனால் அம்பு வழக்கத்தைவிடக் கீழே போய்க் குத்தும். வில்லின் சத்தம் மாறியிருக்கும். எத்தனை முறை ஸ்கோப்பைத் திருகினாலும் சில நாளில் மறுபடி விலகும். இதற்கு அளவுகோல் ஒன்றுதான் வழி.

நாண் இறங்கிய நிலையில் காம்பவுண்டு வில்லில் ஒரு கேமின் அச்சிலிருந்து மறு கேமின் அச்சு வரை அள. ரீகர்வில் பிரேஸ் உயரத்தை, அதாவது கையேடு சொல்லும் இடத்திலிருந்து நாண் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை அள. கையேட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடு. புது நாண் போட்ட அன்றைக்கே இந்த அளவைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி வில் பெட்டிக்குள் போட்டுவை. ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறேன் என்பதெல்லாம் நடக்காது, உன்னை எனக்குத் தெரியும். பல காம்பவுண்டு மாடல்களில் கேமின் மேல் குறிக்கோடுகள் இருக்கும். இரண்டு பக்கமும் நாண் அல்லது கேபிள் அந்தக் கோட்டை ஒரே மாதிரி தொட வேண்டும். ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் பிந்தியிருந்தால் ஏதோ ஒன்று நீண்டிருக்கிறது.

இன்னொரு வேலையும் செய். நாண் இறங்கிய நிலையில், ரெயிலின் இரண்டு ஓரங்களையும் ஒட்டி நடு சர்விங்கின் மேல் வெள்ளி நிற மார்க்கரால் சின்னக் கோடு போடு. இழுத்து மாட்டிய நிலையில் பார்க்க வேண்டியது இது ஒன்றுதான், அதுவும் தொடாமல், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாமல்: இரண்டு கோடுகளும் ரெயிலிலிருந்து ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் விலகியிருந்தால் அம்பு இடமோ வலமோ போகும். இதைக் கண்டதும் நாண் போய்விட்டது என்று முடிவு கட்டாதே. பெரும்பாலும் குற்றம் உன் கைகளில் இருக்கும். வெறுங்கையால் இழுத்தால் வலது கை கொஞ்சம் முந்தும். கயிற்று இழுவை, அதுதான் ரோப் காக்கர், அதைக் கொண்டு இழுத்துப் பார். அப்போதும் விலகினால்தான் நாணையோ கேமையோ சந்தேகப்பட வேண்டும்.

ரீகர்வில் பிரேஸ் உயரம் லேசாகக் குறைந்திருந்தால் நாணைக் கழற்றி இன்னும் சில முறுக்குகள் ஏற்றி மாட்டலாம், உயரம் திரும்ப வரும். ஆனால் முறுக்கு ஏற்றிய கொஞ்ச நாளில் மறுபடியும் குறைந்தால் அந்த நாண் முடிந்தது. காம்பவுண்டில் இந்த முறுக்கு வேலையை வீட்டில் செய்யாதே.

எத்தனை வருஷம்?

எல்லோரும் ஒரு எண்ணைத்தான் கேட்கிறார்கள். தயாரிப்பாளர்கள் சொல்வது மாடலுக்கு மாடல் வேறுபடும். அடிக்கடி எய்யாதவர்கள்கூட இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாணும் கேபிளும் மாற்றுவது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நிறைய எய்பவர்களுக்கு வருஷம் ஒருமுறை. சில கையேடுகளில் எய்தல் எண்ணிக்கையே கொடுத்திருப்பார்கள், அப்படி இருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. வேட்டைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சீசனில் மானையே பார்க்காவிட்டாலும், தினமும் சாயங்காலம் இறக்குவதற்காக ஒரு போல்ட்டை எய்திருப்பீர்கள். அதுவும் கணக்கில் சேரும்.

உன் விஷயத்தில் பதில் இன்னும் எளிது. வாங்கியது பழைய வில். முந்தைய ஆள் எத்தனை எய்தார், எங்கே வைத்திருந்தார், என்றைக்காவது அம்பில்லாமல் எய்தாரா, எதுவும் உனக்குத் தெரியாது. "ரொம்ப எய்யலை, பெட்டியிலேதான் கிடந்தது" என்று எல்லா விற்பனையாளரும் சொல்வார்கள். ஆகவே நாண் எவ்வளவு அழகாக இருந்தாலும், முதல் போல்ட்டை வைக்கும் முன்னால் நாணும் கேபிளும் மாற்று. மேலே சொன்ன சோதனையெல்லாம் புது நாணை நீ பராமரிக்க.

பார்க்காமலே மாற்ற வேண்டியவை

அம்பில்லாமல் எய்வதை டிரை ஃபயர் என்பார்கள். போல்ட் இருந்தால் விசை அதோடு பறந்துபோகும். இல்லாவிட்டால் அது வில்லுக்குள்ளேயே அடிக்கும். அப்படி ஒருமுறை ஆகிவிட்டால் நாண் முழுசாகத் தெரிந்தாலும் வில் அப்படியே கடைக்குப் போக வேண்டும். போகும் முன் ஒரு பஞ்சுத் துண்டை லிம்ப்களின் ஓரத்தில் இழுத்துப் பார். பஞ்சு மாட்டினால் அங்கே பிளவு தொடங்கியிருக்கிறது. விரலால் தடவிப் பார்க்காதே, ஃபைபர் கிளாஸ் சிலாம்பு ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

போல்ட் வைத்து எய்தாலும் டிரை ஃபயர் போல ஆகும் வழிகள் இருக்கின்றன. போல்ட்டின் வாலில் இருக்கும் நாக் அரைநிலா வடிவமா, தட்டையா, வேறு வடிவமா என்பதை நிறுவனம் சொல்லியிருக்கும். வேறு நாக்கைப் போட்டால் நாண் அதன் மேலோ அடியிலோ வழுக்கிப் போய்விடலாம். போல்ட் கொக்கிவரை பின்னால் தள்ளி உட்காராமல் முன்னால் இடைவெளி விட்டு நின்றாலும் ஆபத்துதான். நிறுவனம் சொன்ன எடையைவிடக் குறைந்த போல்ட் இன்னொரு வகை. வேகம் கூடுகிறதே என்று மலிவு போல்ட் வாங்குபவர்கள் நாணை மாதாமாதம் தண்டிக்கிறார்கள்.

பிராட்ஹெட், அதாவது வேட்டை அம்புமுனையின் பிளேடு நாணில் பட்டுவிட்டால், கீறல் தெரியவில்லை என்றாலும் மாற்று. அந்த பிளேடு மானின் தோலை அறுப்பதற்கென்றே தீட்டியது.

சூட்டில் கிடந்த நாண் இன்னொன்று. ஜூலை வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதே. மெழுகு இளகி வழிந்துவிடும், இழை இழுவையிலேயே நீளும். ஒருநாள் அப்படிக் கிடந்தால் உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. அளவெடுத்து, உன் சீட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டு முடிவு செய். நாணை இழுத்து மாட்டியே இரவு முழுக்க வைத்த வில்லுக்கும் இதே சோதனை.

மழை விஷயத்தில் நம் காலத்து நாண்களுக்கு அதிர்ஷ்டம். 1346-இல் வட பிரான்சில் நடந்த கிரெசிப் போரில், பிரெஞ்சு மன்னருக்காகப் போரிட்ட ஜெனோவா குறுக்குவில் வீரர்களின் நாண்கள் மழையில் நனைந்து கெட்டுப்போனதாக ஒரு பழைய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. அதை எவ்வளவு நம்பலாம் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அந்த நாண்கள் சணல் வகை நாரில் திரித்தவை. டைனீமா தண்ணீரைக் குடிக்காது. ஆனால் இழைகளுக்கு நடுவில் தண்ணீர் தேங்கும், நாண் கனக்கும், அம்பு கீழே போகும். நனைந்து வந்தால் துணியால் ஒற்றி, நிழலில் காயவிட்டு, பிறகு மெழுகு பூசு. ஹீட்டர் மேல் வைத்துக் காய வைக்காதே.

மாற்றும்போது

காம்பவுண்டு என்றால் கடைக்குத்தான் போக வேண்டும். பெரும்பாலான மாடல்களில் லிம்ப்களை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் இல்லாமல் நாணைப் பாதுகாப்பாகக் கழற்ற முடியாது. வீடியோவைப் பார்த்துக் கயிற்றையும் கிளாம்பையும் வைத்து முயல்பவர்கள் இருக்கிறார்கள். நீ அந்தக் கூட்டத்தில் சேராதே. நாணையும் கேபிள்களையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் புதியது நீளும் வேகமும் பழையது நிற்கும் அளவும் ஒத்துப்போகாமல் கேம்கள் பிசகும். மாடல் பெயரோடு எந்த வருஷத் தயாரிப்பு என்பதையும் சொல்லிக் கேள். நீளம் கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துக் கொடுத்தால் வாங்காதே.

ரீகர்வுக்கு ஒரு வசதி உண்டு. இங்கே கிச்சனர் நகரில் தொடங்கிய எக்ஸ்கேலிபர் நிறுவனத்தின் ரீகர்வ் வில்களைப் போன்றவற்றில், மாட்டுவதற்கென்று தனிக் கயிறு கிடைக்கிறது. அதைக் கொண்டு வீட்டிலேயே, காட்டிலேயேகூட நாணை மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றினால் இரண்டு கண்ணிகளும் வெட்டுக்குள் முழுசாக உட்கார்ந்துவிட்டனவா என்று பார்த்த பிறகுதான் துணைக் கயிற்றை எடு. முழங்காலில் வைத்து வளைக்கும் வித்தையெல்லாம் வேண்டாம்.

புது நாண் முதல் சில எய்தல்களில் கொஞ்சம் நீண்டுதான் நிலைக்கு வரும். அதனால் கடையிலிருந்து வந்ததும் ஸ்கோப்பைத் துல்லியமாகச் சரிசெய்து நேரத்தை வீணாக்காதே. கொஞ்சம் எய்து, அளவையும் கேமின் கோடுகளையும் மறுபடி பார்த்து, பிறகு ஸ்கோப்பைத் தொடு. இதற்கெல்லாம் நாள் வேண்டும். ஆகஸ்டிலேயே மாற்றிவிடு. செப்டம்பர் கடைசியில் போனால் கடைக்காரருக்கு உன் வில்லைப் பொறுமையாகப் பார்க்க நேரம் இருக்காது. ரீகர்வ் வைத்திருந்தால் இரண்டு நாண்களாக வாங்கு. இரண்டாவதையும் கொஞ்சம் எய்து பழக்கி, மெழுகு பூசி, ஜிப் பையில் போட்டு வில் பெட்டியிலேயே வை.

கழற்றிய பழைய நாணை அப்படியே டிராயரில் போடாதே. "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று வைத்தால் அந்த அவசரம் வந்தே தீரும். கத்தரிக்கோலால் நாலு துண்டாக வெட்டிவிடு. துண்டுகளை என்னிடம் கொண்டுவந்து கொடு. தோட்டத்தில் தக்காளிச் செடியைக் குச்சியோடு கட்ட அவை ரொம்ப நாள் உழைக்கும்.